அடிஸ்கேல்

பள்ளிக்குப் பின்னால் நிற்கும் பெரிய பாறையின் நிழலில்தான் ஜெசிந்தா டீச்சர் வருடாவருடம் பாறைச் சிதைவுப் பாடத்தை நடத்துவார். அன்றும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் அதன் அடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "பகல்ல வெயில்ல விரியும், ராத்திரி குளிர்ல சுருங்கும். அப்படித்தான் இந்த விரிசல் விழுந்துச்சு. ஆனா இது உடைஞ்சு விழ ஆயிரம் வருஷம் ஆகும். எழுதிக்குங்க." சொல்லிவிட்டு, வழக்கம்போல மர அடிஸ்கேலை விரிசலில் செருகப் பார்த்தார். பதினோரு வருடமாக அதன் முனைகூட உள்ளே போனதில்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அன்று ஸ்கேல் முழுசாக உள்ளே போய், கையை விட்டு நழுவியது. அது விழுந்துகொண்டே போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு பாறைக்குள் ஏதோ முறிந்தது. நோட்டுகளின் மேல் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. "எந்திரிங்க! ஓடுங்க!" என்று குரல் கிழியக் கத்தினார் ஜெசிந்தா. ஒருவரும் எழவில்லை. முன்வரிசையில் இருந்த தில்ஷாத், எழுதிய வரியின் மேல் கிடந்த மணலை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆயிரம் வருஷம் ஆகும்னு இப்பத்தானே சொன்னீங்க, டீச்சர்?"