அடுத்த நிறுத்தம்

"கேன்சர் ஆஸ்பத்திரி! கேன்சர் ஆஸ்பத்திரி எல்லாம் எறங்குங்க!"

கண்டக்டர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். முன் சீட்டு அம்மாள் மடியில் இருந்த குழந்தையின் காதைப் பொத்தினாள். ஒருத்தரும் இறங்கவில்லை.

அங்கே ஏறிய குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே அரை மணி நேரம் வெயிலில் காய்ந்திருந்தார். வீட்டிலிருந்த ஒரே குடையையும் போன வாரம் மனைவி எங்கேயோ தொலைத்துவிட்டு வந்து நின்றாள். அதற்கு அவர் விட்ட டோஸ் பக்கத்து வீடு வரை கேட்டது.

"ஏம்ப்பா, உன் வாயில வேற பேரே வராதா? பூங்கான்னு சொல்லேன். எதிர்ல பூங்கா இருக்கில்ல?"

"போர்டுல அப்படித்தானே சார் எழுதியிருக்கு?"

"அந்த போர்டைத்தான் தூக்கப் போறோம்." கையிலிருந்த ஃபைலைத் தட்டிக் காட்டினார். "போக்குவரத்து ஆபீசுக்குத்தான் போயிட்டிருக்கேன். நாப்பத்திரண்டு கையெழுத்து. முதல் ஆளா போட்டதே எங்க வீட்டுக்காரிதான். தெருப் பேரைச் சொன்னா, 'ஓ, அந்த வியாதித் தெருவா'ங்கறான். வாடகைக்கு ஆள் வரமாட்டேங்குது."

செயலாளர் மறந்தும் அந்த வியாதியின் பேரைச் சொல்ல மாட்டார். டிவியில் அதைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் சேனலை மாற்றிவிடுவார். வாயில் வந்தால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்பது அவர் கட்சி.

கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். முன்னெல்லாம் நானும் மெதுவாத்தான் சொல்லுவேன். ஒரு அம்மாவைப் பார்த்ததுக்கப்புறம்தான் இப்படிக் கத்தறேன்."

"எந்த அம்மா?"

"செவ்வாய்க்கிழமை தவறாம, நீங்க ஏறின அதே எடத்துல ஏறுவாங்க. கையில காய்கறிப் பை. அடுத்த நிறுத்தம் மார்க்கெட்டுக்கு ஒரு டிக்கெட். ஆனா மார்க்கெட்டுக்குள்ள போக மாட்டாங்க. பின் தெரு வழியா திரும்பி நடப்பாங்க. எங்கன்னு நினைக்கறீங்க? அதே ஆஸ்பத்திரியோட பின் கேட்டுக்கு."

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரோட்டைத் தாண்டினா ஆஸ்பத்திரி சார். அதுக்கு பஸ் ஏறிச் சுத்தறாங்க. முன் கேட்ல நுழைஞ்சா தெருவே பார்த்துடுமாம்."

செயலாளரின் மனசு வீடு வீடாகக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டு டீச்சரா? பச்சை கேட் வீட்டு மருமகளா? அவள்தான் கொஞ்ச நாளாக இளைத்துக்கொண்டே போகிறாள்.

"யாருப்பா? எந்த வீடு? சங்கத்துக்குத் தெரிஞ்சாகணும். குழந்தை குட்டிங்க இருக்கற தெரு."

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஒட்டிக்கிற வியாதி இல்ல சார். அவங்க பேர் எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

"சரி, விடு. பொண்டாட்டி இப்படி அலையறா, புருஷன்காரன் என்ன பண்றானாம்?"

"அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவாராம். ஆபரேஷனுக்கு வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவங்க யாரைக் கூட்டிட்டுப் போவாங்க? ரெண்டு தடவை தேதியைத் தள்ளிட்டாங்க. இன்னும் தள்ளினா கைமீறிப் போயிடும்னு டாக்டர் திட்டினாராம். போன வாரம் படியில எறங்கறப்ப மயங்கி விழுந்துட்டாங்க. தண்ணி தெளிச்சு உட்கார வச்சப்போதான் இதெல்லாம் சொல்லி அழுதாங்க."

"சே! என்ன மனுஷன்யா அவன்!"

நிஜமாகவே செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி ஓர் ஆள் தன் தெருவிலேயே இருக்கிறான் என்பது அவருக்கு அவமானமாகக்கூட இருந்தது.

"அதான் சார் கத்தறேன். மார்க்கெட்டுன்னு கத்தினா யாரும் காதைப் பொத்தறதில்ல. இதையும் தினம் கத்தினா பழகிடாதான்னு ஒரு ஆசை. நாளைக்குச் செவ்வாய், வருவாங்க. குடையைக் குடுக்கணும். விழுந்த பதட்டத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க, பாவம்."

பேச்சுவாக்கில் கண்டக்டர் கை காட்டிய பக்கம் செயலாளர் திரும்பினார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. உடைந்த கைப்பிடியில் பச்சை ஒயர் சுற்றியிருந்தது. நாலு சுற்று, மேலே ஒரு முடிச்சு.

அந்த முடிச்சு அவர் போட்டது. போன மழைக்கு, வீட்டு வாசலில் உட்கார்ந்து, பல்லால் இழுத்துப் போட்ட முடிச்சு.

செயலாளருக்குக் காது அடைத்துவிட்டது. பஸ் போகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மடியிலிருந்த ஃபைலைத் திறந்தார். முதல் வரியில் அவள் கையெழுத்து. "எங்கங்க போடணும்?" என்று மட்டும்தான் அன்றைக்குக் கேட்டாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டுவிட்டு, பேனாவை மூடி, அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டுப் போனாள்.

"மார்க்கெட்! மார்க்கெட் எறங்குங்க!"

செயலாளர் எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்க் குடையை எடுத்தார்.

"சார், சார்! போக்குவரத்து ஆபீஸ் இன்னும் நாலு ஸ்டாப் இருக்கு. அந்தக் குடையை வைங்க, அது அந்த அம்மாவோடது."

"தெரியும்ப்பா."

"தெரியுமா? எப்படி சார்?"

படியில் ஒரு காலை வைத்தபடி செயலாளர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப ஒருத்தனை என்ன மனுஷன்னு கேட்டேனே... அது நான்தாம்ப்பா."