வெள்ளைத் தாள்

குடியை நிறுத்தியவர்களின் கை நடுக்கத்தை எங்கள் வார்டில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத்தான் பார்ப்போம். கையை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் தாளை வைத்தால் போதும், வண்டவாளம் தெரிந்துவிடும். ஜன்னலோரக் கட்டில்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் காத்தாடி. அவர் கையில் தாள் படபடவென்று அடித்து, எப்போதும் இடப்பக்கமாகவே நழுவி விழும்.

இன்று காலை அது அசையவே இல்லை.

"பாத்தீங்களா சிஸ்டர்? கல்லு மாதிரி நிக்குது!" என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், விடிஞ்சதுலேர்ந்து கொழந்த ஒரு மாதிரி பண்ணுது. ஒதைக்கல. நடுங்குது."

"நீங்களும் குடிப்பீங்களா?" வார்டுப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஐயோ, அந்த வாடையே எனக்கு ஆகாது."

எனக்கு என்ன தோன்றியதோ, காத்தாடியின் கையிலிருந்த தாளை எடுத்து அவள் வயிற்றின்மேல் வைத்தேன்.

படபடவென்று அடித்தது. பிறகு இடப்பக்கமாக நழுவித் தரையில் விழுந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தாளை எடுத்தேன். காத்தாடியின் கைகள் மட்டும், நீட்டிய இடத்திலேயே, துளியும் நடுங்காமல் இருந்தன.