ஆட்டோவில் போட்ட மோட்டார்

திருப்பதி ஆஸ்பத்திரியின் மாடி ஜன்னலில் மாலை வெயில் சாய்கிறது. கீழே தெருவில், மலையிறங்கி வந்த மொட்டைத் தலைகள் சந்தனம் பூசிக்கொண்டு போகின்றன. கட்டிலில் கிடக்கும் பத்மினியும் மொட்டைதான். சந்தனத்துக்குப் பதில் வெள்ளைக் கட்டு. மூளைக் கட்டியை எடுத்ததிலிருந்து கண் திறக்கிறாள், பேசவில்லை. மாமரத்துக்குத் தான் கலக்கிய வளர்ச்சி மருந்துதான் அவள் தலைக்கு ஏறிவிட்டதோ என்று புருஷன் முனிரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. பிரிக்காத இட்லிப் பொட்டலத்தைப் பிடித்தபடி அதை டாக்டர் ஸ்வர்ணலதாவிடம் கேட்டே விடுகிறான்.

“அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லப்பா. வளரச் சொல்லி உடம்பே செல்லுக்குச் சேதி அனுப்பும். சேதிய வாங்குற ஜீன் கெட்டுப்போனா, நெலத்துல நீங்க ஆட்டோவுல போடுற பம்புசெட்டு மோட்டார் மாதிரி, யாரும் சொல்லாமலே ஓடிக்கினு கெடக்கும். இவங்களுக்கு அவ்ளோ கெட்டுப்போகல. டெஸ்ட்டு ரிசல்ட்டு வந்திருச்சி. மெதுவா வளர்ற சாதுக் கட்டி. முழுசா எடுத்தாச்சி.”

ஜீன் அவனுக்குப் பிடிபடவில்லை. சாது என்ற சொல் பிடிபடுகிறது. டாக்டர் போனதும் ஸ்டூலில் சரிந்து உட்காருகிறான். பொட்டலத்து நூல் தானாக அவிழ்கிறது. ஆறிப்போன இட்லி தேனாக இறங்குகிறது. இரண்டாவது விள்ளலை வாயில் வைக்கும்போது பத்மினியின் கண்கள் அவன்மேல் நிற்கின்றன. உதடு பிரிகிறது.

“இன்னாங்க... ஊருல இருந்து கெளம்பச்சொல்ல நெலத்து மோட்டார ஆஃப் பண்ணீங்களா?”

பண்ணவில்லை. ஆட்டோவில் போட்டது போட்டபடி கிடக்கிறது. கரண்ட் வரும்போதெல்லாம் அது தானாக ஓடி, நிலம் இந்நேரம் குளமாகியிருக்கும்.

“இல்ல” என்று சொல்லிவிட்டு, அவள் திட்டுவதற்காக ஆசையோடு குனிந்து நிற்கிறான் முனிரத்தினம்.