எடுக்காதே

"செட்டில்டு இல்ல, குளோஸ்டுன்னு இருக்கு" என்றார் வங்கி அதிகாரி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

வளர்மதிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பொன்னேரிக் கிளையின் அந்தக் கண்ணாடி அறையில் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: மகள் தேவதர்ஷினியின் நர்சிங் படிப்புக்குக் கடன் கிடைக்குமா, கிடைக்காதா?

அதிகாரி விளக்கினார். படகு இன்ஜினுக்காக அவள் பெயரில் வாங்கிய பழைய கடனில் சில தவணைகள் தவறியிருக்கின்றன. ஆனாலும் கடைசி ரூபாய்வரை கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. பாதித் தொகைக்குப் பேசி 'செட்டில்டு' என்று முடித்திருந்தால், அந்தக் கறை பல ஆண்டுகள் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த விண்ணப்பத்தை அவர் தொட்டிருக்கவே முடியாது.

பிறகு கையெழுத்திட்டார்.

வெளியே, ஏடிஎம் வாசலின் சிறு நிழலில் நின்று, வளர்மதி கைபேசியில் ஒரு பெயரைத் தேடினாள்.

'எடுக்காதே.'

நான்கு ஆண்டுகளுக்கு முன் மகள்தான் அப்படிப் பதிந்து வைத்தாள். கடன் வசூலுக்கு வந்துகொண்டிருந்த தேவேந்திரனின் எண் அது.

அவளுடைய ஊரான கோட்டைக்குப்பத்தில் மீனவர் குழுக்கள் முறைவைத்தே ஏரியில் வலை இறக்கும். அந்த முறைநாளுக்குப் பாடு என்று பெயர். வளர்மதி வீட்டுப் பாடு எதுவோ, அதற்கு மறுநாள் மட்டும் தேவேந்திரன் வாசலில் வந்து நிற்பான். காசு புரளும் நாளை மோப்பம் பிடித்து வைத்திருக்கிறான் என்று தெருவே அவனைத் திட்டியது.

பாதி கட்டினால் போதும், கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை அவனுடைய நிறுவனமே குறுஞ்செய்தி அனுப்பியது.

"அத்த அழிச்சிடுக்கா. லேட்டானாலும் முழுசா கட்டு" என்றான்.

"ஏன், பாதி கட்னா உன் கமிஷன்ல மண்ணு வியுமா?" என்று தெரு கேட்கக் கத்தினாள்.

அவன் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

இப்போது, அழைப்பு மணி ஒலித்துக்கொண்டிருக்கையில், அவளுக்கு இன்னொன்றும் புலப்பட்டது. அவள் வெறுங்கையோடு இருந்த ஒருநாளில்கூட அவர் அந்த வாசலுக்கு வந்ததில்லை.

நெடுநேரம் கழித்து யாரோ எடுத்தார்கள். வளர்மதி வாய் திறக்குமுன் ஒரு பெண்குரல் முந்திக்கொண்டது.

"சார், அவரு வூட்ல இல்ல சார். வேல போயி ஆறு மாசமாச்சு சார். வெள்ளிக்கெழம கண்டிப்பா கட்டிட்றோம் சார்."

அதே வெள்ளிக்கிழமை. தப்பித்தவறி அந்த எண்ணை எடுத்துவிட்ட நாள்களிலெல்லாம், வளர்மதி சொன்ன அதே வெள்ளிக்கிழமை. அவள் அதைச் சொல்லும்போது கணவன் உலகநாதன் பக்கத்திலேயே அமர்ந்து சத்தம் வராமல் சோறு தின்றுகொண்டிருப்பான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் கடன் கேக்குறவ இல்ல தங்கச்சி, கோட்டக்குப்பம் வளர்மதி. அவரு உன் பக்கத்துலதான் இருப்பாரு. என் பொண்ணு நர்சுக்குப் படிக்கப் போவுதுன்னு அவராண்ட சொல்லு."

மறுமுனையில் ஓர் ஆண் மெல்லத் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"நாளிக்கு எங்களுக்குப் பாடு" என்றாள் வளர்மதி. "மறுநாளு உங்க வூட்டாண்ட வந்து நிப்பேன்னு சொல்லு."