சாட்சிக் கையெழுத்து

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க அண்ணா."

அச்சகக்காரர் கண்ணாடிக்கு மேலாகத் தங்கையைப் பார்த்தார். கூடப் பிறந்த தங்கை அல்ல. இருவருடைய தாத்தாக்களும் அண்ணன் தம்பி. இவள் கணக்கு டீச்சர். பள்ளியில் அதட்டுகிறவள் இங்கே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தின் கடைசிப் புரூஃப். பதினோராம் பக்கத்தில் இரண்டு போட்டோக்கள். தம்பியின் கீழே 'கெட்டிக்காரத் தாத்தா'. அண்ணனின் கீழே 'மக்குத் தாத்தா'.

"குடும்பமே அப்படித்தானேம்மா கூப்பிட்டுச்சு? வரலாறுன்னா உள்ளதை உள்ளபடி போடணும்."

"என் பொண்ணு கணக்குல நாற்பது வாங்கினாலே, 'பரம்பரை அப்படி'ன்னு உங்க வீட்டுல சிரிக்கிறீங்க. அச்சுல வேற வந்துட்டா அவ எப்படி அண்ணா தலை நிமிர்ந்து நடப்பா?"

"அதுக்கு நான் என்ன பண்ண? நம்ம கொள்ளுத் தாத்தாவோட உயில்ல வீடு உங்க தாத்தாவுக்குத்தான். ஆனா, சொத்து வாங்குறவனே சாட்சிக் கையெழுத்துப் போட்டா அந்தச் சொத்து அவனுக்குச் சேராது. அது சட்டம். இவர் பேனாவைக் கண்டதும் போட்டுட்டார்! 'மூத்தவனுக்குச் சேர முடியாமல் போனால் இளையவனுக்கு'ன்னு ஒரு வரி இருந்துச்சோ, நாங்க பிழைச்சோம். அஞ்சு பிள்ளைகளோட ஒண்டுக் குடித்தனத்துல கிடந்த எங்க தாத்தா இந்த வீட்டுக்கு வந்தார்."

"பாவம், தெரியாமப் போட்டிருப்பார்."

"அதைத்தானேம்மா மக்குன்னு சொல்றோம்!"

மூலையில் உட்கார்ந்திருந்த புரூஃப் பார்ப்பவர் இருமுவதுபோல் சிரித்தார்.

"ஆதாரம் கொண்டு வந்தா எடுப்பீங்களா?"

"வெள்ளிக்கிழமை மெஷின் ஓடும். அதுக்குள்ள கொண்டு வா."

கோர்ட்டின் பழைய ஆவண அறையில் அவள் இரண்டு நாள் தூசியைத் தின்றாள்.

"எதைம்மா தேடுறீங்க? உயிலா, வில்லங்கமா?" என்றார் ஆவணக் காப்பாளர்.

"எங்க குடும்ப மானத்தை சார்."

"அதுக்குத் தனி ரிஜிஸ்டர் இல்லையேம்மா."

உயிலைப் பற்றிச் சொன்னாள். அவர் அவள் கையில் இருந்த ரிஜிஸ்டரைப் பிடுங்கி மூடினார். "செத்த வருஷத்துல தேடினா எப்படிக் கிடைக்கும்? உயிலைக் கோர்ட்டுல நிரூபிச்ச வருஷத்துல தேடுங்க. மனுஷன் ஒரு நிமிஷத்துல போயிடுவான். கேஸ் போகுமா?"

இரண்டு வருடம் தள்ளிப் புரட்டியதும் கிடைத்தது. உயில் வழக்கில் தாத்தா கூண்டில் ஏறிக் கொடுத்த வாக்குமூலம். காப்பி எடுத்துக் கொடுத்தார்கள். வராந்தாவிலேயே நின்று மேலாக இருந்த தாளைப் படித்தாள். படித்ததும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அதை அச்சகக்காரரின் மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி அண்ணா. போட்டுக்கங்க."

"என்னம்மா, இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டே?"

"விடை பிடிக்கலைன்னு மாத்தி எழுத முடியுமா? நீங்களே படிங்க."

அவர் உரக்கப் படித்தார்.

"'நீதிபதி: சாட்சிக் கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடும் என்பது உமக்குத் தெரியாதா? சாட்சி: தெரியாது, ஐயா. நான் கொஞ்சம் மக்கு.'"

அச்சகக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அடடா, பட்டத்தை அவரே வச்சுக்கிட்டாரா! நாங்க வச்சோம்னு இத்தனை வருஷமா எங்க தலையில பழி!"

அடுத்த வரியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு இன்னும் பொங்கியது.

"'பதில் சொல்லும்போது சாட்சி புன்னகை செய்தார் என்று நீதிமன்றம் குறித்துக்கொள்கிறது.' வீட்டைத் தொலைச்சுட்டுப் புன்னகை வேறயா!"

"அதுக்கு மேல எனக்குப் படிக்கத் தெம்பில்லை. நான் வரேன்."

"இரும்மா, டீ குடிச்சுட்டுப் போ." வெற்றி பெற்றவருக்கு மனசு தாராளமாகியிருந்தது. "இதை அப்படியே அடிக்குறிப்பாப் போட்டுடலாம். சார், இது என்னிக்குச் சொன்னதுன்னு பாருங்க. தேதி வேணும்."

புரூஃப் பார்ப்பவர் தாள்களை வாங்கிப் புரட்டினார். "காப்பி எடுத்தவன் தலைகீழா அடுக்கியிருக்கான் சார். முதல் தாள் அடியில கிடக்கு."

முப்பது வருடத் தொழில். அவருக்கு எதையும் புள்ளி, கமாவோடு சேர்த்துத்தான் படிக்க வரும். தேதியைச் சொன்னார். அதோடு நிற்காமல் வழக்கம்போல் மேலே போனார்.

"சாட்சியின் வயது, முக்காற்புள்ளி, முப்பத்தாறு. தொழில், முக்காற்புள்ளி..."

நின்றார். தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"குடை ரிப்பேர்," என்றார் அச்சகக்காரர். "அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"அது அப்புறம் வந்த தொழில் போலிருக்கு சார்."

"பின்னே என்ன போட்டிருக்கு?"

புரூஃப் பார்ப்பவர் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"வக்கீல் அலுவலகத்தில் உயில் எழுதும் குமாஸ்தா, காற்புள்ளி, பதினாறு வருட அனுபவம், அரைப்புள்ளி, இந்த உயிலை எழுதியவரும் இவரே, முற்றுப்புள்ளி."