பூட்டு நல்லாத்தான் இருக்கு

"மெக்கானிக் வந்தா பத்து நிமிஷ வேலைம்மா," என்றாள் மகள்.

"வேணாம். அப்பாவே பாக்கட்டும்."

வாசலில் அப்பா பூட்ட மறுத்த கார்க் கதவின் உள்பலகையைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்துக் குடைந்துகொண்டிருந்தார்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. கம்பியைப் பிடிக்கிற க்ளிப்பைக் காணோம். அது எப்படித் தானா கழலும்?" என்று கத்தினார். "ஸ்க்ரூடிரைவரை யாரு எடுத்தது? இந்த வீட்டுல எதுவுமே வச்ச இடத்துல இருக்காது!"

மகள் எரிச்சலோடு அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குள் வந்தாள். "காலையிலேர்ந்து ஒரே கத்தல்."

அம்மா உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் க்ளிப் இருந்தது.

"நீயா கழட்டினே? உனக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கு எத்தனை தடவை டார்ச் பிடிச்சிருக்கேன்!"

"எதுக்கும்மா?"

"வேலை போன நாள்லேர்ந்து ரூமை விட்டு வெளிய வந்தாரா? ஒரு வார்த்தை பேசினாரா?" அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "இன்னைக்குத்தான் கத்துறாரு. இது கீழே கிடந்துச்சுன்னு சொல்லிக் குடுத்துடு."

மகள் க்ளிப்பை வாங்கிக்கொண்டாள். வாசலில் அப்பா மறுபடியும் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபடி சற்று நேரம் நின்றாள்.

"அப்புறமா குடுக்கிறேம்மா. இன்னும் கொஞ்சம் தேடட்டும்."