வாள்மகளின் அப்பா

தையல் கடையின் மூலையில், மடியில் தடிமனான ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். பதினாறு வயது இருக்கும். அட்டையில் ஒரு டிராகன், அதன் முதுகில் வாளோடு ஒருத்தி. கடைக்குள் நுழைந்த பதிப்பாளருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஆறு மாதமாகத் தேடிய ஆள் அகப்பட்டாயிற்று!

ஞாயிறு பேப்பரில் 'வாள்மகள்' என்ற பெயரில் வரும் சிபாரிசுப் பட்டியலுக்கு இளசுகள் எல்லாம் அடிமை. மாயாஜாலக் கதையோ விண்வெளிக் கதையோ, நாயகி கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். வாள்மகள் நல்லாயிருக்கு என்றால் புத்தகம் பறக்கும், உதட்டைப் பிதுக்கினால் நேரே பழைய பேப்பர் கடைதான். போன தடவை பதிப்பாளர் போட்ட நாவலுக்கு வாள்மகளிடம் கிடைத்தது இவ்வளவுதான்: "மூணு கிரகம் தாண்டி ஓடுறாளே, அந்தச் சாவியை எங்கதான் வெச்சிருந்தா? போட்டிருக்கிற உடுப்புல ஒரு பை கூடவா இல்ல?"

பை இல்லை என்று இந்தப் பொங்கு பொங்குவது வயசுப் பெண்ணாகத்தான் இருக்க முடியும் என்று பதிப்பாளர் அன்றே கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு மூளை. பேப்பர் ஆபீசில் விமர்சனப் புத்தகங்களைப் பார்சல் கட்டும் ஆளிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த விலாசத்தையும் வாங்கிவிட்டார்.

விற்காத அந்த நாவல் இப்போது அவர் வீட்டுப் படுக்கையறையில் கூரை வரை அடுக்கியிருக்கிறது. அவரும் மனைவியும் ஹாலில் படுக்கிறார்கள். புதுப் புத்தகமும் கவிழ்ந்தால் பதிப்பகத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான். வாள்மகளின் விடுமுறைப் பட்டியலோ இந்த ஞாயிறு வருகிறது.

"அம்மாடி," என்று குழைந்தார். "நம்ம புதுப் புத்தகம் வந்து சேர்ந்துச்சா? அதுல வர்ற கதாநாயகி சும்மா நெருப்பு! கட்டிப்போட்டாலும் அறுத்துக்கிட்டுக் கிளம்பிடுவா. பொண்ணுன்னா அப்படி இருக்கணும்!"

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "எதா இருந்தாலும் அப்பாகிட்டயே பேசிக்குங்க, அங்கிள்."

ஐயோ பாவமே என்றிருந்தது பதிப்பாளருக்கு. பேப்பரில் அந்த முழக்கம் முழக்குகிறாள், வீட்டில் அப்பாவைக் கேட்காமல் வாயைத் திறக்க முடியவில்லை. எத்தனை வீடு பார்த்திருக்கிறார் அவர்!

அப்பா வெட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கோட்டுக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப், உதட்டிடுக்கில் அரை டஜன் குண்டூசி. வாயைத் திறந்தால் ஊசி கொட்டிவிடும் என்பதால் "ம்" மட்டும்தான் வந்தது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்ட பதிப்பாளர், உடனே அடித்தார் ஒரு அந்தர் பல்டி.

"அண்ணே, உங்க கவலை எனக்குப் புரியாதா? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. இந்த மாதிரி புத்தகத்தையெல்லாம் அதுங்க கண்ணுலயே காட்ட மாட்டேன்."

"ம்?"

"சத்தியமாண்ணே! இன்னிக்கு வாளைத் தூக்கு, ராக்கெட் ஓட்டுன்னு படிக்கும். நாளைக்கு நம்மளையே எதுத்துப் பேசும். ஏதோ வியாபாரத்துக்காகப் போடறேன், அவ்ளோதான்."

கோட்டில் ஒரு ஊசி இறங்கியது. தேவைக்குக் கொஞ்சம் அதிக வேகம்தான்.

"இந்தக் கதையும் நீங்க பயப்படற மாதிரி போகாதுண்ணே. முதல் பாகத்துலதான் இந்தக் குதி குதிப்பா. ரெண்டாம் பாகத்துல வாளைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, அப்பா பாத்து வெச்ச பையனைக் கட்டிக்கிட்டு அடக்க ஒடுக்கமா குடும்பம் நடத்துவா. எழுதற பொண்ணு முடியாதுன்னு முரண்டு பிடிச்சுது. அப்ப வேற ஆளைப் பாத்துக்கம்மான்னேன். வழிக்கு வந்துடுச்சு!"

மூலையில் பக்கம் புரளும் சத்தம் நின்றது. பெண் முதல் முறையாக நிமிர்ந்தாள். பதிப்பாளரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

ஆகா, அப்பாவைக் கண்டு நடுங்குகிறது குழந்தை என்று நினைத்தார் பதிப்பாளர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாப்பா பேப்பர்ல எழுதற விஷயம் வெளிய தெரிஞ்சுடுமோன்னு பயப்படாதீங்க. நான் மூச்சு விட மாட்டேன். பட்டியல்ல ஒரு ஓரமா நம்ம புத்தகத்தையும் சேத்துக்கச் சொல்லுங்க, போதும். நீங்க சொன்னா தட்டவா போறா?"

தையல்காரர் கடைசி ஊசியையும் எடுத்துக் கோட்டில் குத்தினார். இழுப்பறையைத் திறந்து, அளவு எழுதும் நீள நோட்டை எடுத்துப் பிரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலும் இறங்கியது.

ஒரு சட்டை தைக்கச் சொன்னால் காரியம் இன்னும் சுலபமாகிவிடும் என்று கணக்குப் போட்ட பதிப்பாளர், அளவெடுக்கத் தோதாக இரண்டு கைகளையும் அகட்டிக்கொண்டு நின்றார்.

பென்சில் நோட்டின் முதல் வரியின் குறுக்கே நிதானமாக ஒரு கோடு கிழித்தது.

"காலையிலதான் உங்க புத்தகத்தை முதல் இடத்துல எழுதி வெச்சேன் சார்... நல்லவேளை, இன்னும் அனுப்பல."